உள்ளே இருக்கும் சூடு

உறைகுளிர் கிடங்கில் வேலை செய்பவர்களுக்கு வாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். உடம்பு உள்ளுக்குள் குளிர ஆரம்பித்ததை அவர்களே உணர்வதற்கு முன்னால் நாக்கு தடித்துவிடும், உதடு சொன்ன பேச்சைக் கேட்காது. அதனால் அந்தக் கிடங்கில் ஒரு வாக்கியம் வைத்திருந்தார்கள். ஃப்ரீசருக்குள் போனவர்கள் அவ்வப்போது வயர்லெஸ்ஸில் அதைச் சொல்லிக் காட்ட வேண்டும்.

"ஏழாவது அடுக்குல ஏழு பழப்பெட்டி, வழுக்கி விழுந்தா கிழவனும் அழுவான்."

யார் கட்டிய வாக்கியம் என்று யாருக்கும் தெரியாது. ஒழுங்காக இருக்கும் வாய்க்கே அது கொஞ்சம் சறுக்கும். சரியாகச் சொன்னால் வேலையைத் தொடரலாம். குழறினால் வெளியே வந்து சூடான அறையில் உட்கார வேண்டும்.

அதைக் கேட்பதுதான் அவளுடைய வேலை.

கட்டுப்பாட்டு அறை சின்னது. ஒரு மேஜை, ஒரு மைக், மூன்று திரைகள், காலடியில் ஒரு குட்டி ஹீட்டர். எல்லோரும் அவளைக் கண்ட்ரோல் என்றே கூப்பிட்டார்கள். ஃப்ரீசருக்குள் அவள் ஒருமுறைகூடப் போனதில்லை. உள்ளே இருப்பவர்கள் வேறு வாசல் வழியாக வந்து, தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். திரையில் தெரிவதெல்லாம் பனிமூட்டத்தில் நகரும் குண்டு குண்டு உருவங்கள். அவளுக்கு அவர்கள் குரல்கள்தான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரை எல்லோரும் மாமா என்பார்கள். அவர் குரல் பழைய கதவைத் திறப்பதுபோல இருக்கும். உள்ளே காலே வைக்காமல் வருஷம் முழுக்கக் கம்பளிச் சட்டையில் திரியும் சூப்பர்வைசருக்கு ஸ்வெட்டர் என்று பெயர். பிறகு, பெட்டி அடுக்கும் மைனா.

மைக்குக்கு எதிரே சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. வரிசையாக மனித உருவங்கள், பக்கத்தில் உடல்சூட்டைக் காட்டும் செல்சியஸ் எண்கள். நடுவில் பச்சை நிறத்தில் ஒருவன் சும்மா நிற்கிறான்: முப்பத்தேழு. அவனுக்கு மேலே முப்பத்தெட்டில் ஒருவன் போர்வையைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். நாற்பதுக்கு மேலே இருப்பவன் சிவப்பு, தலையைப் பிடித்திருக்கிறான். நாற்பத்திரண்டில் படுத்துவிட்டான். கீழ்ப்பக்கம் நீலம். முப்பத்தைந்தில் நடுங்குகிறான். அதற்கும் கீழே பேச்சு குழறுகிறது, இன்னும் கீழே நடுக்கம் நின்றுவிடுகிறது. அதற்கும் கீழே ஒருவன் கோட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு அடுத்தவனும் படுத்துவிட்டான்.

இரண்டு பக்கமும் படுத்திருப்பவர்களுக்கு இடையில் அவ்வளவு இடம்தானா என்று அவளுக்குத் தோன்றும். ஒரு டம்ளர் தேநீர் மேஜையில் ஆறும்போது இதைவிட அதிகம் இறங்கிவிடும். மனிதர்கள் அந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், பஸ்ஸைத் தவறவிடுகிறார்கள், ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருக்கிறார்கள்.

அவள் தனியாகத்தான் இருந்தாள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தபோது ஒரு தெர்மாமீட்டர் வாங்கினாள். காய்ச்சல் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, விளக்கைப் போட்டுவிட்டு, அதை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவாள். எதிர்வீட்டு மாடியில் காயும் துணிகளைப் பார்ப்பாள். அது பீப் என்று கத்தும். அவள் வீட்டில் அவளைப் பார்த்துச் சத்தம் போடுவது அது ஒன்றுதான். முப்பத்தாறு புள்ளி ஆறு. யாரோ நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டு, பதிலையும் தானே சொல்லிவிட்டுப் போனதுபோல இருக்கும்.

தூரத்தில் இருக்கும் அவள் அக்கா எப்போதாவது போன் செய்வாள்.

"சாப்டியா? உடம்பு எப்படி இருக்கு?"

"முப்பத்தாறு புள்ளி ஆறு."

"என்னது?"

"நல்லா இருக்கேன்க்கா."

மைனா வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. முதல் வாரம் அவனும் மற்றவர்களைப்போல அந்த வாக்கியத்தைப் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னான். அடுத்த வாரம் ஒருநாள், பல் போன கிழவன் குரலில் சொன்னான். அவள் எதிர்பார்க்கவில்லை, மைக் திறந்திருக்கும்போதே சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு கிடங்கு முழுக்கக் கேட்டது.

"கண்ட்ரோலுக்குச் சிரிக்கத் தெரியுமாடா?" என்று மாமா எங்கிருந்தோ கேட்டார்.

அதிலிருந்து தினமும் ஒரு வேஷம். மேடைப் பேச்சாளர், கைக்குழந்தை, கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடாத சித்தப்பா, வாய்நிறைய எதையோ மென்றுகொண்டு பேசும் அதிகாரி. வேஷம் முடிந்ததும் அவள், "சரி, இப்ப ஒழுங்கா" என்பாள். அவன் ஒழுங்காகச் சொல்வான். முதலில் வேஷம், பிறகு ஒழுங்கு; அப்படி ஒரு வழக்கம் ஆகிவிட்டது. ஸ்வெட்டர் ஒருநாள் கேட்டுவிட்டுத் திட்ட வாயெடுத்தார், அவருக்கே சிரிப்பு வந்து திரும்பிப் போய்விட்டார்.

போகப் போக அவள் அந்த ஒழுங்கைக் கேட்பதை விட்டுவிட்டாள். எப்போது விட்டாள் என்று அவளுக்கே தெரியாது. இவ்வளவு அழகாக வேஷம் கட்டுகிறவனுடைய வாய்க்கு என்ன ஆகிவிடப்போகிறது?

ஒருநாள் காலையில் மைனா வந்து நின்றபோது வாசல் மெஷின் சிவப்பு காட்டியது. நெற்றிக்கு நேரே பிடித்துப் பார்க்கும் மெஷின் அது. அதன் அளவு அவள் திரையில் வரும். முப்பத்தெட்டு புள்ளி ஆறு.

"கண்ட்ரோல், உங்க மெஷின் பொய் சொல்லுது," என்றான் மைனா வயர்லெஸ்ஸில். தொண்டை கட்டியிருந்தது.

"காய்ச்சலா?"

"வெயில்ல நடந்து வந்தேன்."

"குரலுமா வெயில்ல நடந்து வந்துச்சு?"

அவன் சிரித்து இருமினான். "லேசா இருக்கு. மாத்திரை போட்டிருக்கேன். வேர்த்தா இறங்கிடும்."

நிழலில் உட்காரவைத்து மறுபடி பார்க்க வேண்டும், அப்போதும் முப்பத்தெட்டைத் தாண்டினால் திருப்பி அனுப்ப வேண்டும். அதுதான் விதி.

"வீட்டுக்குப் போய்ப் படுங்களேன்," என்றாள்.

"வீட்ல யாரு இருக்கா? செவுத்துக்கிட்ட வேஷம் கட்டினா செவுரு சிரிக்குமா?"

அவள் திரையைப் பார்த்தாள். வெயிலில் வந்தவர்களுக்கு நெற்றி சுடுவது உண்மைதான். முன்பும் அப்படி நடந்திருக்கிறது. அவன் இல்லாத நாள் எவ்வளவு நீளமாக இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். பச்சைப் பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்தது.

காலை முழுக்க அவன் மூச்சுவாங்கப் பெட்டிகளை அடுக்கினான். இடையில் வெளியே வந்து சூடான அறையில் உட்கார்ந்துவிட்டுப் போனான். சாப்பாட்டு நேரம் வந்தது.

"டேய் மைனா, வாடா. எனக்குப் பசி காதை அடைக்குது," என்றார் மாமா.

"வாய் கசக்குது மாமா. நீங்க போங்க. இந்த ஒரு வரிசைதான், முடிச்சுட்டு வரேன்."

"தனியா இருக்கக் கூடாதுடா."

"தனியா எங்க இருக்கேன்? கண்ட்ரோல் இருக்காங்க இல்ல?"

அவள் மறுத்துச் சொல்லியிருக்கலாம். அந்தப் பேச்சு காதில் இனிப்பாக இருந்தது, சொல்லவில்லை. மாமாவும் மற்றவர்களும் முற்றத்தைத் தாண்டிக் கேன்டீனுக்குப் போனார்கள். திரையில் ஒரே ஒரு குண்டு உருவம் கடைசி வரிசையின் ஓரமாக நகர்ந்து, கேமரா எட்டாத இடத்துக்குப் போனது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மைக்கைத் திறந்தாள். "மைனா, சொல்லுங்க."

சத்தம் வரவில்லை. பிறகு வந்தது.

"ஏயாவ்து... அடுக்குல... ஏயு பயப்பெட்டி... வயுக்கி..." அங்கே நின்றது. "வயுக்கி..."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். குடிகாரன் வேஷம் இதுவரை வந்ததில்லை. "என்ன இன்னிக்கு, எத்தனை பாட்டில்?"

அவனும் சிரித்தான். மெதுவாக, தூரத்திலிருந்து வருவதுபோல. "நீ சிரிச்சா... நல்லாருக்கு."

ஒரு வருஷத்தில் அவன் அவளை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வேஷத்தில் வந்த நீ, அவ்வளவுதான் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் காது சூடாகியது. மைக்கை மூடிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தாள். அந்த ஒற்றை எழுத்தை, பனியில் கிடைத்த கூழாங்கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பதுபோல, மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். இப்ப ஒழுங்கா என்று அவள் கேட்கவில்லை.

வயர்லெஸ் தானாகவே கரகரத்தது.

"கண்ட்ரோல்... யாரு ஹீட்டரு போட்டது?"

"எங்க?"

"இங்கதான். சூடா இருக்கு. நல்லாருக்கு. கோட்டு கயட்டிட்டேன்... தலைக்கு வச்சுக்கிட்டேன்."

சிரிப்பு அவள் உதடுவரை வந்துவிட்டது. அப்போது கண் நேர் எதிரே சுவரில் போய் நின்றது. நீல வரிசையில், கடைசிக்கு முந்தினவன், கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். இத்தனை நாள் அவளுக்கு அது புரிந்ததே இல்லை. குளிரில் சாகப்போகிறவன் எதற்குக் கோட்டைக் கழற்றுகிறான், வரைந்தவன் தப்பாக வரைந்துவிட்டான் என்றுகூட நினைத்திருக்கிறாள்.

"மைனா, நடுங்குதா?"

"அப்பவே நின்னுச்சு."

"ஒழுங்கா சொல்லுங்க. விளையாடாதீங்க. ஏழாவது அடுக்குல, ம், சொல்லுங்க."

அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"எந்த ஏயு?" என்றான் அவன்.

அவள் அபாய மணியை அழுத்தினாள். ஸ்வெட்டருக்குப் போன் செய்தாள். கேன்டீன் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் கேட்டது.

"என்னம்மா, மணி அடிக்குது?"

"மைனா உள்ள விழுந்துட்டார் சார். ஸ்ட்ரெச்சர் எடுத்துட்டு வாங்க. நர்ஸையும்."

"தமாஷ் பண்றானா?"

"இல்ல சார்."

"நிச்சயமாத் தெரியுமா? அவன் வாயைத் தெறந்தாலே கூத்துதான?"

ஒரு கணம் அவளுக்கே நிச்சயமில்லை. எல்லோரும் ஓடிவந்து நிற்கும்போது அவன் பெட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்து கைதட்டுவதுபோல ஒரு காட்சி மனதில் வந்தது. அப்படி நடந்தால் போதும் என்று இருந்தது.

"நிச்சயம்," என்றாள். கொக்கியில் தொங்கிய மாற்றுக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் கையில் சுருட்டிக்கொண்டு, முதல் தடவையாக அந்தப் பெரிய கதவை இழுத்தாள்.

உள்ளே குளிர் காற்றாக வரவில்லை. சுவராக நின்றது. மூச்சை இழுத்ததும் மூக்குக்குள் ஏதோ முறுகியது. கண்ணிமைகள் ஒட்டி ஒட்டிப் பிரிந்தன. கூரைவரை பெட்டிகள், நடுவே ஒற்றையடியாகப் போகும் சந்துகள், குளிர்விசிறிகளின் ஓயாத இரைச்சல். இந்த இரைச்சலுக்கு நடுவிலிருந்தா இத்தனை நாள் தன்னைச் சிரிக்கவைத்தான்? அவள் ஓடினாள்.

அவன் கடைசி வரிசையின் மூலையில், ஒரு மரப்பலகை மேல் சாய்ந்து கிடந்தான். மடித்துவைத்த கோட்டு தலைக்கு அடியில் இருந்தது; ஊருக்குப் போகிறவன் ரயிலில் வைத்துக்கொள்வதுபோல அவ்வளவு ஒழுங்காக மடித்திருந்தான். மாத்திரை இறக்கிய வேர்வையில் முழுக்க நனைந்த பனியன், இப்போது அட்டையைப்போல விறைத்து நெஞ்சில் நின்றது. காலையில் கொதித்துக்கொண்டிருந்த உடம்பு. முகத்தில் நிறமே இல்லை. அவள் நினைத்து வைத்திருந்த முகம் இது இல்லை. இது கொஞ்சம் வயதான, தூக்கம் குறைந்த, காதோரம் நரைத்த ஒருவனுடைய முகம்.

கையில் இருந்த கோட்டை அவன்மேல் போர்த்தினாள். தன்னுடையதையும் கழற்றிப் போட்டாள். கையைத் தேய்க்கலாமா, எழுப்பி நடக்கவைக்கலாமா என்று பதறினாள். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது நினைவுக்கு வந்தது: தேய்க்காதே, நடக்கவிடாதே, அசைக்காதே; குளிர்ந்த இதயம் சின்ன அதிர்ச்சியைக்கூடத் தாங்காது. அவளால் செய்ய முடிந்தது ஒன்றுதான். அவனை ஒட்டி உட்கார்ந்து, அசைக்காமல் பேசினாள்.

"மைனா. மைனா, நான்தான்."

அவன் கண்ணைத் திறந்தான். வேறு பஸ்ஸில் போகும் யாரையோ ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான். பிறகு பார்வை அவளை விட்டு விலகித் தரையில் கிடந்த வயர்லெஸ்ஸைத் தேடிப் போனது.

"கண்ட்ரோல்... கூப்பிடுறாங்க," என்றான் அவளிடம்.

அவள் அதை எடுத்து அவன் வாயருகே பிடித்தாள். "சொல்லுங்க மைனா. கேக்குது."

"நானும்... கேக்குது," என்றான் அவன் அந்தக் கருவிக்குள். கட்டுப்பாட்டு அறையில், யாரும் இல்லாத நாற்காலிக்கு எதிரே, அவன் குரல் கேட்டுக்கொண்டிருக்கும் என்று அவள் நினைத்தாள்.

அப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் பக்கத்திலிருந்து கேட்டாள், அவன் வயர்லெஸ்ஸுக்குப் பதில் சொன்னான். பதில்கள் வரவரச் சின்னதாகின. கடைசியில் ம் மட்டும் வந்தது. அதுவும் நிற்கப்போகும்போது, மாமா மூச்சிரைக்க ஸ்ட்ரெச்சரோடு வந்தார். வாயில் இன்னும் சோறு இருந்தது.

"நிமிர்த்தாதீங்க மாமா. படுத்தமாதிரியே தூக்குங்க. மெதுவா."

"கண்ட்ரோலா நீ?" என்றார் அவர். அவரும் அவள் முகத்தை அப்போதுதான் பார்த்தார்.

சூடான அறையில் நர்ஸ் விறைத்த பனியனைக் கத்தரித்து எடுத்தாள். போர்வைகளைச் சுற்றினாள். நெற்றி மெஷினில் வெறும் கோடுகள் வந்தன; அதைத் தூக்கிப்போட்டுவிட்டுக் காதுக்குள் வேறொன்றை வைத்தாள்.

"முப்பத்தொண்ணு புள்ளி நாலு," என்றாள். "துணியெல்லாம் வேர்வை. காய்ச்சல் மாத்திரை போட்டாரா? காலைல எவ்வளவு இருந்துச்சு?"

ஸ்வெட்டர் சுற்றிலும் பார்த்தார்.

"முப்பத்தெட்டு புள்ளி ஆறு," என்றாள் அவள். "சிவப்புதான் காட்டுச்சு. நான்தான் உள்ள விட்டேன். சாப்பாட்டு நேரத்துல தனியா இருக்கவும் விட்டேன். குழறினப்போ சிரிச்சேன்."

"ஏம்மா," என்றார் ஸ்வெட்டர். வெளியே ஆம்புலன்ஸ் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது.

மறுநாள் சாயங்காலம் அவள் மருத்துவமனைக்குப் போனாள். வார்டு வாசலில் இருந்த பெண் கேட்டாள்: "அவருக்கு நீங்க என்ன வேணும்?"

தங்கை என்றோ, மனைவி என்றோ, பக்கத்து வீடு என்றோ சொல்ல ஏதாவது இருந்திருக்கலாம். "வேலை இடத்துல, அவர் பேசறதைக் கேக்கிறவ," என்றாள். அந்தப் பெண் ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே விட்டாள்.

அவன் தலையணையில் சாய்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும், தெரியாத ஒருவரைப் பார்த்து மரியாதைக்குச் சிரிப்பதுபோலச் சிரித்தான்.

"நான்தான்," என்றாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "இன்னொரு தடவை சொல்லுங்க."

"நான்தான். கண்ட்ரோல்."

"ஆமா," என்றான், கண்ணைத் திறக்காமலே. முகம் மலர்ந்தது. கண்ணைத் திறந்ததும் அந்த மலர்ச்சி கூச்சமாகிவிட்டது. "உக்காருங்க."

உட்கார்ந்தாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள், சாப்பிட்டேன் என்றான். தூங்கினீர்களா, தூங்கினேன். பக்கத்துக் கட்டிலைச் சுற்றி ஒரு குடும்பமே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தது. அவன் கட்டிலருகே அவள் உட்கார்ந்த நாற்காலி ஒன்றுதான். இருவரும் அந்த ஆரஞ்சைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியது ஒன்று அவளிடம் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து அது வரவில்லை.

"வரேன்," என்று தன் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டு எழுந்தாள்.

வார்டுக்கு வெளியே நடைபாதையின் கோடியில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"கண்ட்ரோல்?" என்றான்.

"சொல்லுங்க."

"முகத்தைப் பாத்தா பேச்சே வரமாட்டேங்குது."

"எனக்கும்தான்."

"எங்க இருக்கீங்க, பஸ்லயா?"

"வெளிய பெஞ்சுலதான்."

இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு அவள், "மைனா, சொல்லுங்க" என்றாள்.

அவன் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். "ஏழாவது அடுக்குல ஏழு பழப்பெட்டி, வழுக்கி விழுந்தா கிழவனும் அழுவான்."

"இன்னொரு தடவை."

மறுபடி சொன்னான். வேஷம் எதுவும் இல்லை. ஒரு எழுத்துகூடச் சறுக்கவில்லை. அவள் கண்ணை மூடிக் கடைசி எழுத்துவரை கேட்டாள்.

"நாளைலேர்ந்து மைக்குல வேற ஆளு," என்றாள். "நானே எல்லாத்தையும் சொல்லிட்டேன். என்னை பில் போடற பக்கம் மாத்திட்டாங்க. இனிமே வேஷமெல்லாம் கிடையாது, பேரும் அந்த வாக்கியமும் மட்டும்தான்னு சொல்லிட்டாங்க."

அந்தப் பக்கம் ஆரஞ்சுக் குடும்பத்தின் பேச்சு மட்டும் கேட்டது.

"அப்ப நான் யாருகிட்ட தப்பா சொல்றது?" என்றான் அவன்.

"யாருகிட்டயும் தப்பா சொல்லாதீங்க."

ஒரு தள்ளுவண்டி சக்கரம் கிறீச்சிட அவளைத் தாண்டி வார்டுக்குள் போனது. கொஞ்ச நேரத்தில் அதே கிறீச்சு போனுக்குள் கேட்டது. வாயைத் திறங்க, பேசாதீங்க என்று யாரோ அவனிடம் சொன்னார்கள். அவன் பேசவில்லை. போனையும் வைக்கவில்லை. மூக்கால் விடும் மூச்சு அவள் காதில் வந்து வந்து போனது. நடைபாதையில் விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

பீப் சத்தம் கேட்டது.

"எவ்வளவு?" என்று கேட்டாள்.

"முப்பத்தாறு புள்ளி எட்டாம்."

"சரி," என்றாள். இரண்டு பேரும் போனைக் காதில் வைத்தபடியே இருந்தார்கள்.